கேட்காமல் அழிக்கும் திரை

கார்த்திகை 5, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். உறுதியான செய்தி: மடிக்கணினியில் மவுஸ், டச்பேட் இரண்டும் வேலை செய்யாது. ஆதாரம்: கம்ப்யூட்டர் கடை கண்ணன், நேரில்.

"மவுஸே வேணாம் சார், கீபோர்டுலயே ஓட்டுங்க" என்று, கோப்புகளைப் பார்க்க, நகர்த்த, அழிக்க ஒரு ஃபைல் மேனேஜர் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். கறுப்புத் திரை. நடுவில் கோப்புகள், வலப்பக்கம் முன்னோட்டம். ஜே அடித்தால் கீழே, கே அடித்தால் மேலே. எல்லாமே எழுத்துகள்.

சிக்கல்: என் கீபோர்டு எப்போதும் தமிழில். ஜே அடித்தால் ப விழும். திரை அசையவில்லை.

மனைவி செல்வி: "ஏங்க, அதுவும் நீங்க சொல்றதக் கேக்கலையா?"

கார்த்திகை 6, சனி

வெயில். அந்த மென்பொருளின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து திரைக்குத் தமிழ் கற்பித்தேன். ப கீழே, ம மேலே. ந நகல். வ வெட்டு. ஒ ஒட்டு. அ அழி. அழிக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் "உறுதியா?" என்று கேட்டது. தொல்லை. அதையும் நிறுத்தினேன். கண்ணனுக்குப் போன் போட்டுப் பெருமை.

"நாய் கடிச்ச செய்திக்கே நாலு பேரக் கேப்பீங்க. நீங்களா சார் நிறுத்துனீங்க?"

மாலை, கோட்டைப்பட்டினம் மீனவர் முனியாண்டி போன். அவருடைய நாட்டுப்படகு காற்றில் கயிறு அறுந்து அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கியிருக்கிறது. அங்கே ஒருவர் தன்னுடையது என்கிறார்.

"நம்பர் பெயிண்ட் உரிஞ்சு போச்சு சார். முன்னாடி போட்ட பச்ச ஒட்டுப்பலகதான் மிச்சம். நம்பரும் அதுவும் சேந்து தெரியிற மாரி நீங்க போட்டா எடுத்தீங்கள்ல? திங்கக்கெழம ஊர்க்கூட்டம். அதக் காட்டுனாத்தான் படகு."

இருக்கிறது என்றேன். கோட்டைப்பட்டினம் படங்கள் இருந்த கோப்புறை மேல் போய் நின்றேன். அதற்குள் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன்: அறந்தாங்கி மழைச் செய்தி உடனே வேண்டும். எழுதும் சாளரத்தில் இருப்பதாக நினைப்பு. 'அறந்தாங்கி' என்று தொடங்கினேன். முதல் எழுத்திலேயே கோப்புறை போய்விட்டது.

நேற்றாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நேற்று அதற்குத் தமிழ் தெரியாது.

கார்த்திகை 7, ஞாயிறு

மீண்டும் தூறல். உறுதி கேட்கும் வரியை முதல் வேலையாகத் திரும்பப் போட்டேன். கண்ணன் வந்து மீட்பு மென்பொருளை ஓட விட்டுப் போனார். முனியாண்டி பஸ் ஏறி வந்துவிட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"படகுதான் கயித்த அத்துக்கிட்டுப் போச்சு. போட்டாவுமா சார்?"

மீண்ட படங்களுக்குப் பெயரில்லை, வெறும் எண்கள். ப, ப, ப என்று இறங்கினேன். ரிப்பன் வெட்டு. குத்துவிளக்கு. மறுபடி ரிப்பன்.

"எங்க ஊர்ல இம்புட்டு ரிப்பனா வெட்டுனாங்க?"

செல்வி டீயோடு வந்தாள். "ரிப்பன் இல்லாட்டி இவரு கேமராவே தெறக்க மாட்டாருங்க."

திடீரென்று முனியாண்டி என் தோளைப் பிடித்தார். "நிப்பாட்டுங்க சார்! அந்தா, என் படகு!"

மீன் இறங்குதளத் திறப்பு விழா. விருந்தினர்களுக்குப் பின்னால் படகு. பச்சை ஒட்டு தெளிவு. எண்ணும் தெளிவு, கடைசி இலக்கம் தவிர. அதை ஒரு விருந்தினரின் முழங்கை மறைக்கிறது.

"கைய எறக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சார்?"

நிலுவை: படகை மட்டும் எடுத்த படம். இன்னும் மீளவில்லை. மீட்பு விடிவதற்குள் முடியும் என்கிறார் கண்ணன். ஊர்க்கூட்டம் நாளை காலை பத்து மணிக்கு. அதற்குள் அந்தப் படம் வராவிட்டால் முழங்கையோடுதான் போகிறோம்.