மூடியில் உட்கார்ந்த லட்சுமி

அக். 29, புதன்

காலையிலிருந்தே தூறல். வெள்ளிமலையிலிருந்து பள்ளி முடிந்து இறங்க நேரமாகிவிட்டது. கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தால் வீட்டு வாசலில் ஆசாரியின் வண்டி. என் மைப்பேனாப் பெட்டி!

பெட்டி அருமை. உள்ளே வரிவரியாகப் பள்ளம், பச்சை வெல்வெட். ஒரு பேனா இன்னொன்றோடு உரசாது. ஆனால் மூடி? கண்ணாடி கேட்டிருந்தேன். கூடத்தில் வைத்தால் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று. வந்திருப்பது கனத்த பலகை. அதில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை.

"கண்ணாடி எங்க ஆசாரி?"

"கண்ணாடி போட்டா பலகாரக் கடை பொட்டி மாதிரி ஆயிடும் டீச்சர். வெறும் பொட்டியா குடுத்தா நாலு பேரு என்னைய இன்னா சொல்லுவாங்க?"

நாலு பேராம். பேனா யாருடையது? அதற்குள் அத்தை, என் மாமியார், கற்பூரமே ஏற்றிவிட்டார்.

அக். 31, வெள்ளி

பேனாக்களோடு பெட்டி பூஜை அறைக்குப் போய்விட்டது. மூடியில் மஞ்சள், குங்குமம், ஈரச் சாமந்திச் சரம். தண்ணீர் மரத்தில் இறங்குகிறது. கெட்டி ரப்பரில் கடைந்த எபோனைட் பேனாவுக்கு ஈரம் ஆகாது என்று யாரிடம் சொல்ல?

மாலை இங்க் நிரப்பலாம் என்று போனேன். அத்தை விடவில்லை.

"வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சப்பறம் லட்சுமியத் தொறந்து எதுவும் எடுக்கக் கூடாதும்மா. எல்லாம் பூடும்."

என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். "நாளைக்கி எடுத்துக்கயேன்." பெரிய நீதிபதி!

வாங்க வேண்டியது: நீல இங்க், மிளகு, அத்தைக்கு மூட்டுவலித் தைலம்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குப் பெட்டியோடு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பால்பாயின்ட் தவிர வேறு அறியாத பிள்ளைகள். "நெஜமாவே எங்க கையில குடுப்பீங்களா டீச்சர்?" தினமும் இதே கேள்வி.

நவ. 2, ஞாயிறு

நல்ல வெயில். நேற்று கடைக்கு அலைந்ததில் பெட்டியை எடுக்கவில்லை. வயிற்றுவலி. இன்றைக்கென்று வந்து தொலைத்தது.

அத்தை பூஜை அறை வாசலை மறித்து நின்றார். "பொட்டிகிட்ட போவாத. தலைக்கி ஊத்திக்கினு எடுத்துக்க."

"நாளைக்கு ஸ்கூலுக்கு வேணும் அத்தை."

"பேனா இன்னா ஓடியா பூடப் போவுது?"

என் சம்பளத்தில், நான் தேடித் தேடி வாங்கி, நான் கழுவித் துடைத்த பேனாக்கள். போன மாதம் பிஸ்கட் டப்பாவில் கிடந்தபோது இதே நாட்களில் தொட்டேனே, எந்தச் சாமி கோபித்தது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமாம்.

ஆசாரிக்கு போன். மூடி கழலுமா?

"கீலுல நாலு ஸ்க்ரூதான். ஏன் டீச்சர், லட்சுமி மொகத்துல எதுனா கொறையா?"

குறையே இல்லை. அதுதான் வினை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "ஐயோ, தொட்டுட்டியே!" தொட்டேன். கடைசி ஸ்க்ரூ கழன்றதும் மூடி சாய்ந்தது. லட்சுமி விழுந்துவிடுவாளே என்று அத்தையே ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூடி அவருக்கு. பெட்டி எனக்கு. இரவு குழம்பில் உப்பு அதிகம், மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

நவ. 3, திங்கள்

மலையில் பனிமூட்டம். பெட்டி மடியில், மேலே துண்டு.

கண்டக்டர்: "இன்னா டீச்சர், பொட்டி கீது, மூடிய காணோம்?"

"வூட்ல பூஜையில கீது."

பிள்ளைகள் விரலெல்லாம் நீலம். அழுத்தி எழுதி ஒரு நிப் வளைந்துவிட்டது. திட்டவில்லை.

மாலை வீடு. பூஜை அறைச் சுவரில் லட்சுமி, புதுச் சரத்தோடு. பெட்டியைக் கூடத்து மேசையில் திறந்தபடியே வைத்தேன். யாராவது வாய் திறக்கட்டும், பார்க்கலாம் என்றிருந்தேன்.

அத்தை எட்ட நின்றே பேனாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எம்மாம் அழகா கீது! இத்தினி நாளு யாரு கண்ணுலயும் காட்டாம உள்ள வெச்சி மூடிக்கினு இருந்தியே, நீயெல்லாம் இன்னா பொம்பள?"