மூன்று சக்கரம், நான்கு தேசிக்காய்

அனுப்புநர்:
மூ. சந்திரகுமார்,
கோயில் வீதி,
புசல்லாவை.

பெறுநர்:
குறைகேள் அதிகாரி அவர்கள்,
வீதிப் பாவனையாளர் முறைப்பாட்டுப் பிரிவு,
கண்டி.

விடயம்: தடுத்து வைக்கப்பட்டுள்ள எனது சைட்காரை விடுவித்துத் தருமாறும், அது பற்றிய பொலிஸ் குறிப்பிலுள்ள எண்ணிக்கைப் பிழையைத் திருத்துமாறும் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் புசல்லாவை நகரில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை செய்பவன். சில வருடங்களுக்கு முன் கம்பளை வீதியில் எனது மோட்டார் சைக்கிளில் ஓரமாக, முறையாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒன்றையொன்று முந்த முயன்ற இரண்டு தனியார் பஸ்களில் ஒன்று என் மீது ஏறியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. அந்தப் பஸ்ஸின் பத்திரங்கள் அனைத்தும் சரியாக இருந்தபடியால் அது மறுவாரமே ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. வேறு பஸ் வராத நாட்களில் நானும் அதில்தான் ஏறுகிறேன். நடத்துநர் நல்ல மனிதர், எனக்கு ஆசனம் பிடித்துத் தருவார்.

2. செயற்கைக் கால் பொருத்திய பின் நடக்கவும், கடையில் நிற்கவும் முடிந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது மட்டும் அதை ஊன்ற முடியவில்லை. தரை எங்கே இருக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரியாது. விழுந்தெழும்பிய என்னைப் பார்த்து ஊரில் எல்லோரும் அறிவுரை கூறினார்கள். பிலிமத்தலாவையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜனாப் நபீல் மாத்திரம் அறிவுரை எதுவும் கூறாமல் வண்டியை அளவெடுத்தார். ஒரு சக்கரமும் ஓர் ஆசனமும் கொண்ட பெட்டியொன்றைச் செய்து வண்டியின் இடப்பக்கத்தில் பொருத்தினார். காலால் போடும் கியரைக் கையால் போடும்படி மாற்றினார். என் இடது கால் ஊன்ற வேண்டிய இடத்தில் அந்தச் சக்கரம் ஊன்றி நிற்கிறது. இதுவே நான் குறிப்பிடும் சைட்கார்.

3. ஒப்படைக்கும்போது அவர் ஓர் எச்சரிக்கையும் தந்தார். “அண்ணே, பொட்டி வெறுமையா இருந்தா எடப்பக்க வளைவுல தூக்கும். ஆளோ மணல் மூட்டையோ ஏதாச்சும் வச்சிக்கிட்டுத்தான் ஓட்டணும்” என்றார். மணல் மூட்டைக்குப் பதிலாக என் மனைவி கலாராணி ஏறி அமர்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் அந்த ஆசனத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

4. கலாராணி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இந்த மலைகளில் அவர் ஏறாத இடமில்லை. ஆனால் ஏறும்போதெல்லாம் முதுகில் கூடை இருந்தது, கண் கொழுந்தில் இருந்தது. மலையை உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று ஒருநாள் சொன்னார். ஆகவே ஒரு கூடாரம், ஒரு சிறிய காஸ் அடுப்பு, தேயிலைச் சாயத்துக்கு ஒரு கேத்தல் ஆகியவற்றைப் பெட்டியின் பின்புறம் கட்டிக்கொண்டு, கொத்மலை நீர்த்தேக்கக் கரையில், காணிக்காரரின் அனுமதியுடன் தங்கப் போனோம். முதல் விடியலில், தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அவர் பதறி எழுந்து கூடாரத்தை விட்டு வெளியே ஓடினார். வெளியே பேர் கூப்பிட யாருமில்லை. தண்ணீரும் பனிமூட்டமும்தான் இருந்தன. சிறிது நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை, ஐயா. அதன் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போனோம். எனக்குக் கால் போன பின்தான் நாங்கள் இருவரும் ஊர் பார்க்கத் தொடங்கினோம் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. சைட்காருக்கு அனுமதி பெற்றேனா என்று தாங்கள் கேட்பீர்கள். வாகனப் பதிவு அலுவலகத்தில் பெற முயன்றேன். அப்படியொரு வகை வாகனம் பட்டியலில் இல்லாததால் அதற்கு விண்ணப்பப் படிவமும் இல்லை என்றார்கள். படிவம் இல்லாததால் விண்ணப்பிக்க முடியவில்லை. விண்ணப்பிக்காததால் மறுக்கவும் அவர்களால் முடியவில்லை. இரு தரப்பும் மிகுந்த மரியாதையுடன் பிரிந்தோம்.

6. கடந்த ஆயுத பூசை தினத்தன்று, நகரிலுள்ள ஏனைய வாகனங்களைப் போல எங்களுடையதையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கோயில் வாசலுக்குக் கொண்டு சென்றோம். பூசை முடிந்ததும் சக்கரத்துக்கு ஒன்றாகத் தேசிக்காய் வைத்து, அதன் மேல் வண்டியை ஏற்றி நசுக்குவது எங்கள் வழக்கம். கலாராணி நான்கு தேசிக்காய் வாங்கி வந்திருந்தார். மூன்றைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். நான்காவதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன். கூடாரத்தையும் அப்போதே கட்டி வைத்திருந்தோம். கோயிலிலிருந்து நேரே கொத்மலைக்குப் போவதாக ஏற்பாடு.

7. வாசலில் வாகன நெரிசலைக் கவனித்துக்கொண்டிருந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் பூசையை ஆர்வத்துடன் பார்த்தார். பிரசாதமும் வாங்கிக்கொண்டார். சுண்டலைச் சாப்பிட்டு முடித்ததும் நசுங்கிய பழங்களை எண்ணினார். “ஐயா, நீங்கதானே மூணு காய் வச்சது? மூணு காய்ன்னா மூணு வீல். அப்ப இது த்ரீவீல்தானே? எங்க அதுக்கு லைசன்?” என்று பணிவாகக் கேட்டார். எங்கள் சமய அனுஷ்டானத்தை இவ்வளவு நுணுக்கமாக ஏற்றுக்கொண்ட அரச உத்தியோகத்தர் ஒருவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. ஒரு தேசிக்காயை மிச்சம் பிடித்திருந்தால் நான் குற்றவாளியாகியிருக்க மாட்டேன்.

8. பொலிஸ் நிலையத்தில் மேலதிகாரி ஒருவர் என் காலைப் பார்த்து மனமிரங்கினார். வண்டி முழுவதையும் பறிப்பது பாவம் என்று கூறி, சட்டவிரோதமான பகுதியை மாத்திரம் கழற்றச் செய்து தடுத்து வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை என்னிடம் திருப்பித் தந்தார். “ஐயா இப்ப ஓட்டிக்கிட்டுப் போகலாம்” என்றார். நான் நன்றி கூறினேன். பிறகு கூடார மூட்டையை அதன் மேல் வைத்து, கலாராணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம்.

9. அதன் பின் கண்டிக்கு வந்து உரிய கருமபீடங்களில் விசாரித்தேன். மோட்டார் சைக்கிள் பிரிவில், இரண்டு சக்கரத்துக்கு மேல் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். முச்சக்கரவண்டிப் பிரிவில் கூரையும் மீற்றரும் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி பழுது. ஏறிச் சென்றேன். ஏறி வந்துவிட்டதால் எனது இயலாமையை உறுதிப்படுத்தும் புதிய வைத்தியச் சான்றிதழ் வேண்டுமென்றார்கள். பழையது காலாவதியாகிவிட்டதாம். கால் இடையில் வளர்ந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகத்தை நான் மதிக்கிறேன். மேலும், அவ்வகை வாகனத்தில் பிரயாணி ஏற்றக் கூடாது என்றும் கூறினார்கள். பெட்டி வெறுமையாக இருந்தால் வளைவில் தூக்கும் என்பதை விளக்கி, என் மனைவியைப் பிரயாணி என்று கொள்ளாமல் பாரம் என்று பதியலாமே என்று கேட்டேன். அவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் இதைக் கேள்விப்பட்ட கலாராணி யோசிக்கவே இல்லை. “பாரமா? நான் ஒங்களுக்குப் பாரமா?” என்று கேட்டுவிட்டு அன்று இரவு தனியாகச் சாப்பிட்டார். ஆகவே அந்தக் கோரிக்கையை இத்தால் வாபஸ் பெறுகிறேன்.

10. கடந்த வாரம் நிலைய வளவில் என் சைட்காரைப் பார்வையிட அனுமதித்தார்கள். அதன் ஆசனத்தில் நாயொன்று குட்டி போட்டிருக்கிறது. மழை படாமல் உத்தியோகத்தர் ஒருவர் மேலே ஒரு தகரமும் வைத்திருக்கிறார். நாய்க்கு அனுமதிப்பத்திரம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குட்டிகள் கண் திறந்து நடக்கும்வரை காத்திருக்க எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் தகரம் வைத்த அதே உத்தியோகத்தர்தான், உரிமை கோரப்படாத இரும்புகளோடு அதையும் அடுத்த மாதம் ஏலத்தில் விடப்போவதாகச் சொன்னார். நான் உரிமை கோரிக்கொண்டே இருக்கிறேன், ஐயா. அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டால், பஸ் என் மீது ஏறிய நாளில் இழந்ததை இரண்டாம் முறையாகவும் இழந்தவனாவேன். கூடாரம் இன்னும் வாசலில் கட்டியபடியே கிடக்கிறது. அதை அவிழ்த்து உள்ளே வைக்கக் கலாராணி சம்மதிக்கவில்லை.

11. இனி நான்காவது தேசிக்காய். மூன்று சக்கரமும் ஏறி முடிந்த பின், உத்தியோகத்தர் எண்ணிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தபோது, கலாராணி நான்காவதை என் செயற்கைக் காலின் சப்பாத்துக்கு அடியில் வைத்து, “இதுவும் ஒங்கள சொமக்குற வண்டிதானே, மிதிங்க” என்றார். மிதித்தேன். உத்தியோகத்தர் இதையும் கண்டார். நான்காவது சக்கரம் எங்கே என்று கேட்டார். நான் காற்சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டினேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் மூன்று என்று எழுதினார். வாகனத்தைத் தீர்மானித்தது தேசிக்காய்தான் என்றால், அந்த எண்ணிக்கை பிழையானது.

12. எனவே, மேற்படி குறிப்பில் மூன்று என்பதை நான்கு என்று திருத்தி, நான்கையும் ஒரே வாகனத்தின் பகுதிகளாகக் கருதி, தடுப்பதானால் நான்கையும் தடுக்குமாறும், விடுவதானால் நான்கையும் விடுமாறும் ஏலத்துக்கு முன்பாக உத்தரவிடத் தங்களை மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். செயற்கைக் காலை இம்மனுவுடன் இணைக்கவில்லை. இதைத் தபாலில் சேர்க்க நடந்து போக வேண்டியிருந்தது. தாங்கள் கேட்கும் நாளில் கண்டிக்குக் கொண்டுவந்து நேரில் ஒப்படைப்பேன். திரும்பி வீடு போவதற்கு மட்டும் எனக்குச் சைட்கார் தேவைப்படும்.

திகதி: 2025.10.27
இடம்: புசல்லாவை

தங்கள் பதிலை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,
மூ. சந்திரகுமார் (கையொப்பம்)

மேற்கூறியவை உண்மை. நான் பாரம் அல்ல.
ச. கலாராணி (கையொப்பம்)