நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

3.11.2025

ஊடகவியல் துறைத் தலைவரும் என் மனைவியின் தம்பியுமான தங்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் ஒப்பவில்லை. ஆகவே என் குறைகளை வரிசைப்படுத்துகிறேன்.

1. 14.3.2021: சமூக ஊடகப் பொய்ச்செய்திகளைப் பற்றிய ஆய்வுகள் பதினைந்து ஆண்டுகளில் எந்தெந்தத் திசையில் சென்றன என்று தாங்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரை வெளிவந்தது. அதன் 88ஆம் மேற்கோள், தங்கள் அக்காள் 2020இல் எழுதிய ஒரு கட்டுரையைச் சுட்டுகிறது. பக்கம் 101 முதல் 118 வரை. அவள் இறந்தது 9.8.2019. அப்படியொரு கட்டுரை கிடையாது.

2. 6.9.2022: அதே மேற்கோள் வேறு ஏழு கட்டுரைகளில் இடம்பெற்றது. ஒருவரும் மூலத்தைத் தேடவில்லை.

3. 21.6.2023: எட்டாவதாக எழுதியவர், அவள் 312 பேரை நேர்கண்டதாகச் சேர்த்துக்கொண்டார். தங்கள் கட்டுரையில் அந்த எண் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று பதில் வந்தது.

4. 10.2.2025: மேற்கோள்கள் நாற்பத்தொன்று ஆயின. தங்கள் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு மறுப்பு அனுப்பினேன். நாற்பத்தொரு ஆய்வுகள் ஏற்றுக்கொண்ட ஒன்றை மறுப்பதற்கு என்னிடம் ஆதாரக் கட்டுரை ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள்.

5. 8.10.2025: நாற்பத்திரண்டாவது கட்டுரை, அதன் 112ஆம் பக்கத்திலிருந்து என்று ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்தாண்டிருக்கிறது.

நான்காம் குறைக்குத் தாங்கள் ஏப்ரலில் தொலைபேசியில் தந்த விளக்கத்தை மறக்கவில்லை. "அத்தான், எழுதுற வேகத்துல ஆதாரம் கைக்குக் கிடைக்கலைன்னா சும்மா ஒரு பேரைப் போட்டு வைப்போம், பஸ் சீட்ல துண்டு போடுற மாதிரி. கடைசியில மாத்திடுவோம். பொய்னு தெரிஞ்சேதான் ஜனங்க அனுப்புறாங்கன்னு அக்கா அடிக்கடி சொல்லும், அதனால அக்கா பேரைப் போட்டேன். மாத்த மறந்துட்டேன். யாரு அத்தான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறா?" என்றீர்கள். துண்டைப் போட்டுவிட்டுத் தாங்கள் இறங்கிப் போய்விட்டீர்கள். அந்த இருக்கையில் இப்போது யாரோ உட்கார்ந்திருக்கிறார்.

பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மேற்கோள்களைச் சரிபார்ப்பவன் நான். சென்ற மாதம் ஒரு முனைவர்பட்ட மாணவி வந்து அந்தக் கட்டுரையைக் கேட்டாள். இல்லை என்றேன். "எல்லாரும் படிச்சிருக்காங்க சார், உங்க லைப்ரரியில மட்டும்தான் இல்லை," என்று என்மேல் இரக்கப்பட்டுவிட்டுப் போனாள். மேற்கோள் சுட்டும் இதழின் 2020ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். 98ஆம் பக்கத்தோடு முடிகிறது. சென்ற செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்தபோது, பொருளடக்கத்தின் கீழே பென்சிலால் அவள் பெயரும் 101 என்ற எண்ணும் எழுதப்பட்டிருந்தன. தேடி வந்த மாணவர் யாரோ எழுதியிருக்க வேண்டும் என்று பதிவேட்டில் குறித்தேன். அழிப்பான் கையில்தான் இருந்தது. அழிக்கவில்லை. ஒன்று என்ற இலக்கத்தை அவள் போடும் விதமாகவே அந்தக் கையெழுத்தும் போட்டிருந்தது என்பதைப் பதிவேட்டில் குறிக்கவில்லை.

இனி அந்த வாக்கியம். "நம்பி அனுப்பவில்லை, அனுப்பாமல் இருந்தால் தனியாகிவிடுவேன் என்ற பயத்தில் அனுப்பினேன்." 312 பேரில் ஒருத்தி சொன்னதாக அச்சிட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் கடைசி வாரத்தில், ஏதோ ஒரு வேர்ச்சாறு புற்றைக் கரைக்கும் என்ற செய்தியைத் தங்கள் அக்காள் உறவினர் குழுவுக்கு அனுப்பினாள். அப்படிப்பட்ட செய்திகளைப் பிரித்து மேய்வதே அவள் தொழில். குழுவில் நீங்கள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் அந்த வாக்கியம். பேச்சு வழக்கில் சொன்னாள். அச்சில் திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவே. அறைக் கதவு சாத்தியிருந்தது. செவிலி போய்விட்டிருந்தார். தாங்கள் அன்று ஊரிலேயே இல்லை. நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நாற்பத்திரண்டாவது கட்டுரையை எழுதியவருக்குக் கடிதம் போட்டேன். மூலத்தைப் பார்த்தே எடுத்ததாகச் சொல்கிறார். படி அனுப்புங்கள் என்றேன். பதில் இல்லை.

இவ்வளவும் தங்கள் துறையின் தலைவலி என்று ஒதுங்கியிருப்பேன். ஆனால் என் மகள், தங்கள் மருமகள், அதே துறையில் ஆய்வேடு எழுதுகிறாள். முதல் இயலே அந்தக் கட்டுரையின்மேல் நிற்கிறது. இல்லாத ஒன்று என்று சொன்னேன். "அம்மா கடைசியா எழுதுனதை ஏம்ப்பா மறைக்கிறீங்க? உங்களைப் பத்தி அதுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாட்களாக என் அழைப்பை எடுப்பதில்லை. வருகிற 28ஆம் தேதி ஆய்வேட்டை ஒப்படைக்கிறாள். ஒப்படைத்துவிட்டால் அந்தப் பொய்க்குத் தாயின் பெயரோடு மகளின் பெயரும் சேரும். பிறகு என் சொல் அவளிடம் எடுபடாது.

ஆகவே 17.11.2025 திங்கள் மாலை ஐந்து மணிக்குள், தங்கள் கையொப்பத்துடன் எழுத்து மூலமான பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். 88ஆம் மேற்கோள் தாங்கள் இட்டுக்கட்டியது என்று இதழுக்கும் என் மகளுக்கும் தனித்தனியே எழுதி, இரண்டின் படிகளையும் எனக்கு அனுப்புங்கள். அவள் தாய்மாமன் பேச்சைக் கேட்பாள்.

அப்படி எழுதத் தங்களால் இயலாது என்றால், அதாவது அவள் உண்மையிலேயே ஏதோ எழுதித் தங்களிடம் ஒப்படைத்திருந்தால், அதே கெடுவுக்குள் 113ஆம் பக்கத்தை மட்டும் அனுப்பி வையுங்கள். அவள் அதைச் சொன்னபோது நான் பதில் சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் கணவன்