கொளஞ்சி ஆசாரி நிமிர்த்திய கம்பி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
23-3-1958

சிரஞ்சீவி பலராமனுக்கு, உன்னைப் பெறாமலே வளர்த்த சித்தப்பா தணிகாசலம் ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சின்னம்மா ஆதிலட்சுமி, உன் தங்கை சந்திரகலா மூன்று பேரும் சுகம். பிரான்சு தேசத்துத் துலோனில் நீயும் உன் குளிரும் சுகம்தானே? உன் கார் மட்டும் சுகமில்லை. அது சுகமில்லையா, நாங்கள் சுகமில்லையா என்பதே எனக்குப் புரியவில்லை. ஆகவே நிதானமாக உட்கார்ந்து படி, சிரிக்காதே.

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் நீ வாங்கிப்போட்ட அந்தச் சிவப்பு ரேஸ் கார், இப்போது சந்திரகலா வேலைக்கு ஓட்டிப்போகிறாளே அதுதான், அவளைவிட இரண்டு வயது மூத்தது, அதுவும் உனக்குத் தெரியும். வளைவில் அது சாய்கிற சாய்ப்பில் உள்ளே உட்கார்ந்தபடியே ரோட்டோரத்துக் கீரையைப் பறித்து ஒரு கல்யாணத்துக்கே குழம்பு வைக்கலாம் என்று போன கடிதத்தில் எழுதினேன், நீயும் அதை அப்படியே நம்பி, பின்சக்கரங்களுக்கு நடுவே மாட்டினால் வண்டி சாயாது என்று ஒரு கம்பியைக் கப்பலில் அனுப்பிவிட்டாய். பாசக்காரப் பிள்ளை. மாசி மகத்துக்கு முந்தின நாள் பெட்டி வந்தது. அதை இறக்கும்போது நம் வாசலில் கூடிய கூட்டம், பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய அன்றைக்குக்கூடக் கூடியிருக்காது. திறந்தால், கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி, இரண்டு முனையும் மடங்கி, நடுவிலும் ஒரு நெளிவு. உன் சின்னம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஐயோ, புள்ள ஆசையா அனுப்பினதைக் கப்பல்காரன் மிதிச்சி வளைச்சிட்டானே என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கம்பி என்றால் நேராக இருப்பதுதானே உலக வழக்கம்?

உடனே மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற கொளஞ்சி ஆசாரிக்கு ஆள் அனுப்பினேன். அவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, இது என்னா பிரமாதம், ஒரே உலையில எடுத்துடலாம் என்று கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, நூல் பிடித்த மாதிரி நிமிர்த்திக் கொண்டுவந்துவிட்டார். நானே தலைமை தாங்கி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். காருக்கு அடியில் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, காவடி மாதிரி. இதை எந்த ஊரில் எப்படி மாட்டுகிறார்கள் என்று நானும் ஆசாரியும் காருக்கு அடியிலேயே படுத்து யோசித்தோம். அப்போதுதான் பெட்டி வைக்கோலை மாட்டுக்குப் போடப்போன உன் சின்னம்மா அதிலிருந்து ஒரு பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்து வந்தாள். எதிர்வீட்டு கிறிஸ்துதாஸ் முசியே, முப்பது வருஷம் பிரெஞ்சுக்காரன் ஆபீசில் எழுதினவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வளைவுகள் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது முதல் வரி. எக்காரணம் கொண்டும் நெருப்பில் காட்டக்கூடாது என்பது இரண்டாவது வரி. அவர் என்னைப் பார்த்தார், நான் ஆசாரியைப் பார்த்தேன், ஆசாரி வானத்தைப் பார்த்தார்.

மறுபடி உலை. காகிதத்தில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்து, சாணால் அளந்து, திரும்ப வளைத்தோம். படத்தில் இரண்டு முனையும் ஒரே மாதிரி, நம்முடையதில் வலது முனை ஒரு விரல்கடை இறங்கி நிற்கிறது. கறுப்புப் பெயின்ட் அடித்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது. மரையாணி போட்டா கழண்டுடும் என்று ஆசாரி நாலு இடத்தில் ரிவிட் அடித்து இறுக்கிவிட்டார், இனி அதை அவர் வெட்டினால்தான் உண்டு. இத்தனையும் சந்திரகலா பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில் நடந்தது. அவளிடம் நான் மூச்சு விடவில்லை. அண்ணன் அனுப்பின கம்பி ஏறிடுச்சி, ஓட்டும்மா என்று சாவியைக் கொடுத்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

இப்போது வண்டி சாயவில்லை, நிஜம். இடது பக்கம் திரும்பினால் பசு மாதிரி போகிறது. வலது பக்கம் திரும்பினால் பின்பக்கம் மட்டும் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அரியாங்குப்பம் பாலத்துக்கு முந்தின வளைவில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்சக்கரம் மண்ணில் இறங்கி, வண்டி பாதி சுற்றி, ஆற்றோரக் கட்டைச் சுவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றது. நான் இறங்கி என் பாதத்தால் அளந்தேன், இரண்டு அடி. மணல் கெடந்துது சித்தப்பா, அதான் வழுக்கிடுச்சி என்று அவள் கிளப்பிக்கொண்டு போனாள். அரியாங்குப்பம் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறவள், நிற்க நேரமில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அவளை உட்காரவைத்து, நிமிர்த்தினது, வளைத்தது, நெருப்பில் காட்டினது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். இதுவரைக்கும் நீங்க விட்ட கதையிலயே இதுதான் சித்தப்பா பெரிசு என்றாள். எல்லாம் நிஜம்தான் என்று உன் சின்னம்மாவும் சத்தியம் செய்தாள், சின்னம்மாவையும் கூட்டு சேத்துக்கிட்டீங்களா என்று அதற்கும் சிரிப்பு. கொளஞ்சியைக் கூப்பிட்டுக் கேட்டால், என் சம்மட்டி அது மேல படவே இல்லை தாயி என்கிறார். தொழில் மானம், அதனால் வெட்டி எடுக்கவும் வர மறுக்கிறார். கிறிஸ்துதாஸ் முசியே ஈஸ்டர் வரைக்கும் மகள் வீட்டில் இருக்கக் காரைக்கால் போய்விட்டார், காகிதமும் அவர் சட்டைப்பையோடு போய்விட்டது. பஸ்ஸில் போம்மா என்றால், பஸ்ஸுக்குக் காத்திருந்தா புள்ள தானே பொறந்து தானே பேரு வெச்சிக்கும் என்கிறாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை பலராமா. நெருப்பில் காட்டினதால் இப்படியா, விரல்கடை வித்தியாசத்தாலா, இல்லை அந்தக் கம்பியே பின்பக்கத்தை இப்படித்தான் உதறுமா? சாய்கிற வண்டி நல்லதா, சாயாமல் சுற்றுகிற வண்டி நல்லதா? கம்பியை எடுத்துவிடச் சொல்வதானால் எனக்கு எழுதாதே, சந்திரகலா பேருக்கு உன் கையெழுத்தில் எழுது. அண்ணன் சொன்னா சாவியை வெச்சிடறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கடிதத்துக்கு முன்னால் ஒரு தந்தியும் அடி.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பெண்டாட்டியும் அமைய மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊரில் எண்ணெய் இல்லாவிட்டால் எழுது. பயமா இருந்தா நீங்களும் ஏறிக்கிங்க என்று அவள் சொன்னதால், புதன்கிழமையிலிருந்து தினமும் நானும் கூடவே அரியாங்குப்பம் போய் வருகிறேன். கதை சொன்னால் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுகிறாள், அதனால் போக வர ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இப்படிக்கு, உன் பதிலுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும்
சித்தப்பா
தணிகாசலம்