நான் வீசிய சுண்ணாம்பு

மாதுங்கா, பம்பாய்
14-9-1946

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு அப்பாவின் ஆசிகள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், உன் அம்மா இரண்டு வேளை சாப்பிடுகிறாள், அதற்கு மேல் க்ஷேமம் என்று எழுதினால் பொய். நைரோபியில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

பத்து நாளாக இங்கே ஹிந்து முஸ்லிம் கலவரம், வெட்டும் குத்தும்தான். பால்காரன் வரும் சந்தில் நேற்று ஒரு பிணம், மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளை ஈரப்பூச்சில் சித்திரம் எழுத வைக்கிறேன் என்று ஆரம்பித்தவன் நான். சுட்ட சுண்ணாம்புக்கல் தண்ணீர் பட்டால் கொதிக்கும், ஆறிய சுண்ணாம்பைப் பூசி ஈரம் காயுமுன் தண்ணீரில் குழைத்த வர்ணம் தீட்டினால் போதும், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி மறுபடி கல்லாகும்போது வர்ணமும் உள்ளே பூட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தேன். பூசித்தர தாராவியிலிருந்து அப்துல் ரவூப் கொத்தனார் வந்தார், உன் கல்யாணத்துக்கு நம் வீட்டை வெள்ளையடித்த திருநெல்வேலிக்காரர். கலவரம் ஓயட்டும், வராதீர் என்றேன். "பிள்ளையள்ட்ட வாரேன்னு சொல்லிட்டேம்லா சார்" என்று வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தொட்டியில் கல் கொதிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன், பத்துப் பேர் இரும்புத்தடியோடு உள்ளே புகுந்தார்கள். முதல் அடியில் ரவூபின் வலது முழங்கை முறிந்தது, சத்தம் கேட்டது. அடுத்த அடியை ஒருவன் அவர் தலைக்கு ஓங்கினான். கொதிக்கிற சுண்ணாம்பை வாளியில் மொண்டு ஓங்கியவன் முகத்தில் வீசினேன். நம் கட்டிடத்து மூன்றாம் மாடிப் பஞ்சு அவன். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், அவன் தரையில் புரண்டு கத்தினான். இரண்டு கண்ணும் போய்விட்டன. மறுபடி அப்படி நேர்ந்தாலும் வீசுவேன் என்றுதான் தோன்றுகிறது, என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பஞ்சுவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன நேரத்தில் போலீஸ் வந்திருக்கிறது. வீசியது ரவூப் என்று பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே வாயாகச் சொல்லியிருக்கிறார்கள். முறிந்த கையோடு அவரை லாக்கப்பில் தள்ளிவிட்டார்கள். என்னைக் காப்பாற்றினார்களாம். விஞ்ஞானச் சோதனை நோட்டில் கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, வகுப்பிலேயே கெட்டிக்காரி அம்மிணி, பத்து வயசு, "சாயபுதானே சார், போனாப் போறார்" என்றாள்.

"குழந்தைகளே சொல்லியாச்சு, நீங்க வாயை மூடிண்டு இருங்கோ" என்று உன் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அம்மிணியையும் அவள் அப்பாவின் சம்மதத்தோடு அழைத்துப்போகிறேன், நான் சொல்வதை அவள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு இரு. அம்மாவுக்கு வாராவாரம் தவறாமல் கடிதம் போடு. எனக்குத் தனியாக எழுதாதே, எந்த விலாசத்தில் இருப்பேனோ தெரியாது.

உன் அப்பா,
வெங்கடேஸ்வரன்