வலப்பக்கத்துப் புஷ்

மச்சான்,

இன்று காலை உன் வீட்டு முற்றத்தில், சோப்புத் தண்ணீர் பட்ட புது ரப்பரின் வாசம் மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். "தள்ளு, நான் பாக்குறேன்" என்று தோளால் இடிப்பாயே, அதற்காகச் சற்று விலகியும் நின்றேன். விலகிய இடம் காலியாகவே கிடந்தது.

விஷயம் இதுதான். நம் பச்சைக் காரின் முன்பக்கம் டொக் டொக் என்று தட்டத் தொடங்கிவிட்டது. உன் மனைவி போன் எடுத்து, "அண்ணே, பல்லேபொலைக்கு அம்மாவைப் பாக்கப் போறதே இந்தக் கார்லதான். இந்தச் சத்தத்தோட ஓட்டப் பயமா இருக்கு. நிக்காட்டி வித்துருவேன்" என்றாள். விற்பதா? யட்டவத்தையில் மிளகுக் கொடிக்குள் துருவேறிக் கிடந்ததை இழுத்து வந்து, ஆணி ஆணியாகக் கழற்றி நாம் உயிர் கொடுத்த கார் அல்லவா அது?

புஷ் ஏற்றுவதென்றால் உனக்கு ஒரு சடங்கு. உள்ளே ரப்பரும் வெளியே இரும்புக் கூடுமாக இருக்கும் அந்தச் சின்ன உருளையை முதல் நாளே ஐஸ் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைப்பாய். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை வெயிலில் காயப்போடுவாய். அது கொஞ்சம் சுருங்கும், இது கொஞ்சம் விரியும் என்பது உன் கணக்கு. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று சோப்புத் தண்ணீர் மட்டும்தான் தடவ விடுவாய். புஷ்ஷை உள்ளே அழுத்தும் வைஸை, அந்த இரும்புப் பிடியை, நான் சுற்ற, நீ குனிந்து பார்த்து, "மெதுவா! கோணுதுடா, நில்லு!" என்று கத்துவாய். அந்தக் கண்ணில் உன்னை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சண்டையெல்லாம் போல்ட்டை இறுக்குவதில்தான். கார் ஜாக்கில் தொங்கும்போதே இறுக்க வேண்டும் என்பாய் நீ. காரை இறக்கி, பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுகியே இருந்து கிழியும் என்பேன் நான். "இந்த வயித்தோட கீழ படுத்து யாருடா முறுக்குறது?" என்று சிரிப்பாய். கடைசியில் வலப்பக்கம் உனக்கு, இடப்பக்கம் எனக்கு என்று ஆனது. உலகத்தில் எவனாவது ஒரு காரை இப்படிப் பாகம் பிரித்திருப்பானா?

இன்று இரண்டு பக்கமும் கழற்றினேன். என்னுடையது முழுசாக இருந்தது. உன்னுடையது பாதி வட்டத்துக்குக் கிழிந்து, இரும்போடு இரும்பு தட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியாடா! நான் சொல்லல?" என்று வாய்விட்டே கத்தினேன். கத்திய பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது மச்சான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

வைஸைச் சுற்ற எனக்குக் கை இருந்தது, கோணல் பார்க்கத்தான் ஆளில்லை. உன் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு வந்து குனிந்தாள். "நில்லுங்க அண்ணே, இந்தப் பக்கம் முந்திக்கிட்டுப் போகுது." வெளியே எடுத்து, நேராக வைத்து மறுபடியும் சுற்றினேன். சொன்னபடி கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு காரை இறக்கி, அடியில் படுத்து, இரண்டு பக்கத்தையும் என் முறைப்படியே இறுக்கினேன். இனி எந்தக் குழியிலும் தட்டாது என்று எனக்குத் தெரியும்.

அவள் தனியாகவே பல்லேபொலைக்கு ஓட்டிப் போய், பின்னேரம் திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு சத்தம் இல்லண்ணே. இதை யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

"ஏன்ணே போச்சு? அது அவர் செஞ்ச பக்கம்தானே?"

"சும்மா இருங்க தங்கச்சி. அவன் வேலை சுத்தம். நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு எந்த புஷ்தான் தாங்கும்?"

தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

நீ மட்டும் இருந்திருந்தால், அந்தக் கிழிந்த புஷ்ஷை மாத்தளை டவுன் முழுக்கத் தூக்கிக் காட்டி உன் மானத்தை வாங்கியிருப்பேன். இப்போது அது என் காற்சட்டைப் பையில் கிடக்கிறது. யாருக்கும் காட்டமாட்டேன்.