பனிச்சாரல் பள்ளிக்குச் சுடச்சுடப் போன சோறு

மங்கலம் நிலைக்க! மாரி தவறாதிருக்க! அடுக்களைதோறும் அடுப்பு எரிக!

முகில் தோய் குன்றும் தேன் சொரி அடவியும் உடைய வெண்பொறை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோமகள் எழினியாதியார் திருவாணைப்படி, மலையூர்த் தலைவர் அனைவருக்கும், அரண்மனை மடைப்பள்ளியில் நெடுங்காலம் கரண்டி பிடித்து, இப்போது பணி ஓய்ந்தும் வாய் ஓயாத நாயகம் நன்னாகனார் சொல்லச் சொல்ல, அரண்மனை எழுத்தர் வரைந்து விடுக்கும் ஓலை. உங்கள் சுற்றமும் ஆடும் மாடும், நெய்க்கலயமும் தேனடையும் நலமே பெருகுக.

முதற்கண் அறிய வேண்டியது: சென்ற தைத் திங்களில், வானில் ஒரு துண்டு மேகமும் இல்லாத நண்பகலில், நன்னாகனார் அனுப்பிய சோற்றுக்கலத்தின் மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியைக் கார்மேகம் என்று எண்ணி, பனிச்சாரல் பள்ளி முற்றத்தில் மயில் ஒன்று தோகை விரித்து ஆடியது. சிரிப்பவர் சிரிக்கலாம், ஓலையை மட்டும் கீழே வைத்துவிட வேண்டாம்.

பனிச்சாரல் பள்ளி மலையுச்சியில் உள்ளது. பிள்ளைகள் காலையில் கட்டிக்கொண்டு போகும் சோறு நண்பகலுக்குள் உறைந்துவிடும். அதை அடுக்கிக் கோட்டைச் சுவரே எழுப்பலாம் என்பார் நன்னாகனார். ஆகவே சூடான சோறு தேடிப் பிள்ளைகள் வீட்டுக்கு இறங்குவர். இறங்கியவர் மீண்டும் ஏறுவதில்லை. பிற்பகலில் ஆசான் பூதங்கண்ணியார் வெறும் பாய்களுக்கே பாடம் சொன்னார். இது கண்ட தலைமை அமைச்சர் கீரங்கொற்றனார், பாய்களுக்குப் படிப்பு எதற்கு, பள்ளியை மூடிவிடலாம் என்று அவையில் விண்ணப்பித்தார்.

உடனே நன்னாகனார் எழுந்து, மடைப்பள்ளியிலிருந்து மலையுச்சிக்குச் சோறு சுடச்சுடப் போகும், அமைச்சரே வந்து உண்டு நாக்கைச் சுட்டுக்கொள்ளலாம் என்றார். அமைச்சரோ, நாயகம் ஓய்வு பெற்றது கரண்டியிலிருந்துதான், கதை அளப்பதிலிருந்து அன்று. முழுநிலா நாளில் நாமே ஏறிவந்து உண்போம், சோறு ஆறியிருந்தால் அன்றே பள்ளிக்குப் பூட்டு என்றார். அரசியாரும் புன்னகைத்து இசைந்தார்.

முதல் ஒத்திகையிலேயே மானம் கப்பலேறியது. கொதிக்கக் கொதிக்க வெண்கலக் கலத்தில் நிரப்பி, உமிக்கூடையில் புதைத்து அனுப்பிய கொள்ளுச் சாறு, உச்சியை அடையுமுன் சுனைநீரோடு உறவு கொண்டாடியது. சாறு நன்று, பிள்ளைகள் கை கழுவ உதவிற்று என்று பூதங்கண்ணியார் சொல்லியனுப்பினார்.

மறுநாள் விடியலில் நன்னாகனார் சோர்ந்துபோய்ச் சுனைக்கரைக் கற்பலகையில் பொத்தென்று அமர்ந்தார். அமர்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தார். அத்துள்ளலில் அடுத்த குன்றையே தாண்டியதாகச் சொல்வார். குளிர்ந்த கல் அவர் உடற்சூட்டை ஒரே நொடியில் உறிஞ்சிவிட்டது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. கலங்களைச் சுனைநீரில் அலம்பி, அந்த ஈரக்குளிர் மாறுமுன்னே சோறு நிரப்புவது மடைப்பள்ளியின் வழக்கம். தூய்மைக்கென்று வந்த மரபுதான். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னே பந்தியில் உட்கார்ந்த குளிர்ந்த வெண்கலம், சோற்றின் சூட்டையெல்லாம் தானே தின்று பசியாறிக்கொண்டது!

முழுநிலா நாளில் அவர் கலங்களில் முதலில் கொதிநீரை ஊற்றி மூடிவைத்தார். தொட்டால் கை பொறுக்காது என்றானபின் நீரைக் கொட்டித் துடைத்து, மிளகிட்ட தினைச் சோற்றையும் கொள்ளுச் சாற்றையும் அடுப்பிலிருந்தே நிரப்பி, உமிக்குள் புதைத்து அனுப்பினார்.

உச்சியில் மூடி திறந்தது. மயிலின் செய்தியை முன்னரே சொன்னோம். பிள்ளைகள் ஊதி ஊதி உண்டனர், ஒருவரும் இறங்கவில்லை. அமைச்சர் மட்டும் ஊதாமல் ஒரு வாய் அள்ளினார். மாலைவரை அவரால் பேச இயலாமற்போக, நாடு பெற்ற அமைதி சொல்லி மாளாது.

ஆகவே அரசியார் ஆணை: மலையூர்தோறும் கலத்தைச் சூடாக்கிய பின்னரே சோறு நிரப்புக. ஆறிய சோற்றைப் பிள்ளைகள் முன் வைக்கும் தலைவர், அதையே தாமும் உண்க. பள்ளி மூடப்படாது. வேங்கைப்பூ முத்திரை இட்டோம். அடுப்பு அணையாதவரை இது செல்வதாக.

இதற்குச் சான்று, கீரங்கொற்றன் கையெழுத்து: நாயகம் குன்று தாண்டியதை நான் அறியேன். என் நாக்கு இன்னும் எரிகிறது. மற்றதை எழுதமாட்டேன் என்றுதான் இருந்தேன். பள்ளிப்பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். மயில் ஆடியது. இப்படி அறிவேன்.